ரோமிலிருந்து பொஸ்ஸுவோலி வரை: ஆர்ட்டெமீசியாவைத் தேடி

செவ்வாய், ரோம்

ஸ்பானியப் படிக்கட்டிலிருந்து சில நிமிடம் நடந்தால் வியா டெல்லா க்ரோச்சே. இன்று அது கடைத்தெரு. தோல் பைகள், காலணிகள், ஐஸ்கிரீமுக்கு வரிசை. 1611 மே மாதம் இந்தத் தெருவில் இருந்த ஒரு வீட்டில், ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி என்ற 17 வயது ஓவியரை அகோஸ்டினோ டாஸி வல்லுறவு செய்தான். அவர் அப்பா ஒராஸியோவும் ஓவியர். டாஸி அப்பாவின் தொழில் கூட்டாளி, வீட்டுக்குள் வந்துபோகிறவன். அடுத்த ஆண்டு வழக்கு நடந்தது. அந்த வழக்கின் சாட்சியப் பதிவு இன்றும் ரோமின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை வைத்து ஒரு சிறு குழு போடும் நாடகத்தை நாளை இரவு பார்க்கப்போகிறோம். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

கூட வந்திருப்பவர் என் சித்தி. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "நீ நாடகத்தைப் பாரு, நான் படத்தைப் பாக்குறேன்" என்று விமானத்திலேயே சொல்லிவிட்டார்.

காலையில் சான் லொரென்ஸோ இன் லூச்சினா தேவாலயத்துக்குப் போனோம். 1593 ஜூலையில் ஆர்ட்டெமீசியாவுக்கு ஞானஸ்நானம் நடந்த இடம். பிறகு சாந்தா மரியா டெல் போப்போலோ. அவருக்கு 12 வயது இருக்கும்போது பிரசவத்தில் இறந்துபோன அம்மா புருடென்ஸியாவை இங்கேதான் புதைத்தார்கள். இதே தேவாலயத்தின் ஒரு சிற்றாலயத்தில் காரவாஜ்ஜோவின் இரண்டு படங்கள் எதிரெதிரே தொங்குகின்றன: பவுலின் மனமாற்றமும் பேதுருவின் சிலுவையேற்றமும். அம்மாவைப் பறிகொடுத்த பெண், அந்த நாளில் ரோமே பேசிக்கொண்டிருந்த இந்தப் படங்களை இதே கூரையின் கீழ் பார்த்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாலையில் பலாஸ்ஸோ பார்பெரினி. காரவாஜ்ஜோவின் 'யூதித்தும் ஒலோபெரினும்' இங்கே இருக்கிறது. பைபிள் கதை: தன் ஊரைக் காக்க எதிரிப் படைத்தளபதி ஒலோபெரினின் கழுத்தை யூதித்து அறுக்கிறாள். ஆனால் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு கிழவி, வேலை முடியட்டும் என்று துணியோடு காத்திருக்கிறாள். சித்தி ரொம்ப நேரம் நின்றார். "வெளிச்சம் அற்புதம். ஆனா இந்தக் கையால ஒரு பூசணிக்காயக்கூட வெட்ட முடியாது."

புதன், ரோம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

பகலில் டைபர் நதிக்கரை ஓரமாக டோர் டி நோனாவுக்கு நடந்தோம். போப்பின் ஆட்சியில் அங்கே ஒரு சிறைக் கோபுரம் நின்றது. திருச்சபையை எதிர்த்த சிந்தனையாளர் ஜியோர்டானோ புரூனோவை எரிப்பதற்கு முன் கடைசியாக அடைத்து வைத்திருந்தது அங்கேதான். இரண்டடி தள்ளி சாந்த்ஆஞ்சலோ பாலம். தன்னை வதைத்த அப்பாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெயாத்ரிச்சே சென்ச்சியின் தலையை 1599 செப்டம்பரில் அந்தப் பாலத்தருகே, ஊர் பார்க்க வெட்டினார்கள். ஆர்ட்டெமீசியாவுக்கு அப்போது ஆறு வயது. ஒரு பெண் நீதிமன்றத்தில் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பது அந்த ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அந்தச் சிறை இருந்த இடத்தில்தான் 1670 வாக்கில் ஒரு நாடக அரங்கு எழுந்தது. அதுவும் பெயர் மாறி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்றுக்குக் கரை கட்டியபோது இடிக்கப்பட்டது. நாங்கள் போனது வேறு அரங்கு. த்ராஸ்தேவெரேயின் ஒரு சந்துக்குள், அறுபது பேர் உட்காரக்கூடிய இடம். இத்தாலிய மொழியில் நாடகம், சுவரில் ஆங்கில எழுத்து ஓடியது.

அந்தக் காலத்து ரோம் நீதிமன்றப் பதிவுகளில் கேள்விகள் லத்தீனில் இருக்கும். சாட்சி சொல்வது மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் இருக்கும். நாடகம் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. நீதிபதி மேடைக்கு வரவே இல்லை. நமக்குப் பின்னாலிருந்து லத்தீனில் ஒரு குரல் கேட்கிறது. மேடையில் ஆர்ட்டெமீசியாவாக நடித்த பெண், நம் தலைக்கு மேல் எங்கோ பார்த்துப் பதில் சொல்கிறார். நீதிபதியின் குரல் என் தோளுக்குப் பின்னால் இருந்ததால், கேள்வி கேட்கிறவர்களின் வரிசையில் நானும் உட்கார்ந்திருப்பதாகப் பட்டது. மிகவும் கனமான ஒன்றரை மணி நேரம்.

வழக்கின் கதை இது. மேல்தளத்தில் குடியிருந்த டூஸியா என்ற பெண்ணைத்தான் ஆர்ட்டெமீசியா துணையாக நம்பியிருந்தார். அன்று கூப்பிட்டார். டூஸியா வரவில்லை. ஆர்ட்டெமீசியா போராடியதும், பிறகு ஒரு கத்தியை எடுத்து டாஸி மேல் வீசியதும் பதிவில் உண்டு. அதன் பிறகு டாஸி கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கின் பேரில் மாதங்கள் ஓடின. அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது வெளியே வந்தது. 1612-இல் ஒராஸியோ போப் ஐந்தாம் பவுலுக்கு மனு எழுதினார். அந்த மனுவில் தன் மகளுக்கு நேர்ந்ததோடு சேர்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட யூதித்து ஓவியம் ஒன்றையும் குறிப்பிட்டிருந்தார்.

இதைக் கேட்டபோது எனக்குக் கூத்துதான் நினைவுக்கு வந்தது. திண்டிவனத்துப் பக்கம் பகடை துகில் பார்த்து வளர்ந்தவள் நான். தன்னையே தோற்றவன் என்னை எப்படிப் பணயம் வைப்பான் என்று திரௌபதி சபையைக் கேட்பாள். நான் யாருடைய உடைமை என்ற கேள்வி அது. ரோமின் சட்டத்திலும் இதே கணக்குதான். கெட்டது அப்பாவின் மானம். எனவே அப்பா மனுதாரர். மகள் அந்த வழக்கின் சாட்சி மட்டுமே.

இரண்டு மருத்துவச்சிகள் அவர் உடம்பைச் சோதித்தார்கள். நாடகத்தில் இதை நடித்துக் காட்டவில்லை. இரண்டு பெண்கள் கை கழுவுகிறார்கள், துடைக்கிறார்கள், அறிக்கை சொல்கிறார்கள். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நம் நாட்டில் இதே கேவலத்தை 'இரண்டு விரல் பரிசோதனை' என்ற பெயரில் மருத்துவமனைகளில் செய்துகொண்டிருந்தார்கள். அது பெண்ணின் கண்ணியத்தை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022 அக்டோபரில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நானூறு ஆண்டுக் கதை என்று இதைத் தள்ளிவைக்க நமக்கு உரிமை இல்லை.

பிறகு சிபில்லே. விரல்களுக்கு இடையே கயிற்றைச் சுற்றி இறுக்கும் சித்திரவதை. குற்றம் சாட்டப்பட்ட டாஸிக்கு அல்ல, சாட்சி சொன்ன பெண்ணுக்கு. வலியிலும் சொல் மாறாவிட்டால் அது உண்மை என்பது அவர்கள் நியாயம். மேடையில் ஒரு எழுத்தர் நிதானமாக, ஒவ்வொரு விரலாகக் கயிற்றைச் சுற்றுகிறார். ஓவியரின் விரல்கள். நடிகை கத்தவில்லை. "உண்மை, உண்மை, உண்மை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது. பிறகு கட்டுண்ட கையை டாஸியின் பக்கம் தூக்கிக் காட்டி, "நீ எனக்குத் தரும் மோதிரம் இதுதான், உன் வாக்குறுதிகள் இவைதான்" என்கிறார். எந்த நாடக ஆசிரியரும் எழுதிக்கொடுத்த வசனம் அல்ல அது. 18 வயதுப் பெண் வலியில் சொன்னது. தனக்கு எழுதத் தெரியாது, வாசிக்கவும் கொஞ்சம்தான் தெரியும் என்று அதே விசாரணையில் சொன்னவர் அவர்.

1612 நவம்பர் கடைசியில் தீர்ப்பு. ஐந்து ஆண்டு கடின உழைப்பு அல்லது ரோமை விட்டு வெளியேற்றம், இரண்டில் ஒன்றை டாஸியே தேர்ந்துகொள்ளலாம். அவன் வெளியேற்றத்தைத் தேர்ந்தான். அதையும் ஒழுங்காக அனுபவிக்கவில்லை, சீக்கிரமே ரோமில் மறுபடி படம் வரைந்துகொண்டிருந்தான். தீர்ப்பு வந்த கையோடு ஆர்ட்டெமீசியாவுக்கு ஃப்ளோரன்ஸ்காரர் பியெரான்டோனியோ ஸ்தியாத்தெஸியுடன் கல்யாணம். நாடகம் அங்கே முடிந்தது. விளக்கு அணைந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனாலும் ஏதோ குறைந்தது. விடுதிக்குத் திரும்பும் வழியில் சித்தி கேட்டார்: "அப்புறம் அவ என்ன பண்ணா? பத்தொம்பது வயசுதானே ஆச்சு?"

அந்தக் கேள்விதான் மீதிப் பயணம்.

வியாழன், ஃப்ளோரன்ஸ்

ரயில் வேகம். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். நேராக உஃபிட்ஸி ஓவியக்கூடம்.

இங்கே இருக்கும் ஆர்ட்டெமீசியாவின் யூதித்து 1620 வாக்கில் வரைந்தது. காரவாஜ்ஜோவின் படத்தைப் பார்த்து ஒரு நாள் இடைவெளியில் இதன் முன்னால் வந்து நின்றால்தான் வித்தியாசம் தெரிகிறது. இந்த யூதித்து பின்வாங்கவில்லை. மஞ்சள் பட்டுச் சட்டையின் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, இடது கையால் அவன் தலைமுடியைப் பற்றிப் படுக்கையோடு அழுத்துகிறாள். பணிப்பெண் கிழவி இல்லை, இளம்பெண். அவள் வேடிக்கை பார்க்கவில்லை. முழு எடையோடு மேலிருந்து அவனை அமுக்குகிறாள். வராமல்போன டூஸியாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது, எனக்குக்கூட. ஆனால் சித்தி அந்த வழியில் வர மறுத்துவிட்டார்.

"அவளுக்கு நடந்ததைத்தான் வரைஞ்சான்னு எல்லாரும் சொல்றீங்க. இந்த முழங்கையப் பாருடி. பாரம் எங்க விழுதுன்னு தெரிஞ்சவ வரைஞ்ச கை. அது படிப்பு. கோபம் இருந்தா மட்டும் இது வராது."

இந்தப் படத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அதை நாடகமாக்கினால் நான் முதல் வரிசையில் உட்காருவேன். படம் ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிசி பிரபு இரண்டாம் கோசிமோவுக்குப் போனது. 1621-இல் அவர் இறந்துபோனார். கூலி நின்றுபோனது. அதை வாங்கிக்கொடுக்க உதவியவர் கலிலியோ. ஃப்ளோரன்ஸில் இருந்த காலத்தில் ஏற்பட்ட பழக்கம். 1635-இல் ஆர்ட்டெமீசியா கலிலியோவுக்கு எழுதிய கடிதத்தில், அந்த யூதித்து படம் மறந்தே போயிருக்கும், உங்கள் உதவியால்தான் அதற்கு நல்ல கூலி கிடைத்தது என்று நினைவுபடுத்துகிறார். உலகமே வியக்கும் படத்துக்குப் பணம் வாங்க அவருக்கு ஒரு சிபாரிசு வேண்டியிருந்தது.

வெள்ளி, ஃப்ளோரன்ஸ்

காஸா புவோனரோத்தி, வியா கிபெல்லினாவில். மைக்கேலாஞ்சலோவின் தம்பி பேரன், அதே பெயர் கொண்டவர், தாத்தாவின் புகழுக்காக இந்த வீட்டின் கூடத்தை ஓவியங்களால் நிரப்பினார். கூரையில் ஆளுக்கொரு பலகை என்று இளம் ஓவியர்களுக்குக் கொடுத்தபோது, 1615-இல் ஆர்ட்டெமீசியாவுக்கும் ஒன்று. கருவுற்றிருந்த நேரம். கையில் திசைகாட்டியோடு மேகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்தை வரைந்தார். 34 ஃப்ளோரின் கூலி. கூட வரைந்த ஆண்களுக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 1616-இல் ஃப்ளோரன்ஸின் ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்.

அவர் வரைந்தது ஆடையில்லாத உருவம். பிற்காலத்தில் வீட்டுக்கு வாரிசாக வந்தவர் கூச்சப்பட்டு, வேறொரு ஓவியரை வைத்து மேலே துணி வரையச் சொன்னார். அந்தத் துணியும் இப்போது பழமை ஆகிவிட்டது. சுரண்டினால் அடியில் இருப்பதும் கெடும். அதனால் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் கதிர்ப்படங்கள் எடுத்து, துணி இல்லாமல் அந்த உருவம் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் மீட்டார்கள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தோம்.

வெளியே வந்து ஒரு திண்டில் உட்கார்ந்தபோது சித்தி தானாகவே பேசினார். கல்யாணத்துக்கு முன் சாத்தூரில் இருந்த காலத்தில், சிவகாசி அச்சகம் ஒன்றுக்குக் காலண்டர் படம் வரைந்து கொடுத்தாராம். லட்சுமி, சரஸ்வதி, குழந்தைக் கண்ணன். அச்சாகி வந்தபோது மூலையில் வேறொருவர் கையெழுத்து இருந்தது, ஆண் பெயர். பொம்பளை பேர் போட்டா ஏஜெண்டு எடுக்க மாட்டான் என்று காரணம் சொன்னார்களாம். கூலியும் பேசியதில் பாதி. எங்கள் வீட்டில் இத்தனை ஆண்டாக யாருக்கும் தெரியாது. "கேக்கணும்னு தோணலையா சித்தி?" என்றேன். "கேட்டேன். அதோட படம் குடுக்குறத நிறுத்திட்டாங்க."

இரவு ரயிலில் நேப்பிள்ஸ்.

சனி, நேப்பிள்ஸ்

காப்போதிமோந்தே மலை மேல், பழைய அரண்மனையில் அருங்காட்சியகம். இங்கே இருப்பது முதல் யூதித்து, வழக்கு முடிந்ததை ஒட்டி வரைந்தது. நீல உடை. ஓரம் வெட்டப்பட்ட படம் என்பதால் மூன்று உடல்களும் சட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. உஃபிட்ஸியில் இரத்தம் பீறிட்டுத் தெறிக்கிறது. இதில் படுக்கை விரிப்பில் வழிந்து இறங்குகிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. சித்திக்கு உஃபிட்ஸி. அதில் கை தேர்ந்துவிட்டது என்கிறார்.

1630 முதல் ஆர்ட்டெமீசியாவின் ஊர் இதுதான். நடுவில் லண்டனுக்குப் போய், முதலாம் சார்லஸ் மன்னரிடம் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவோடு சில காலம் இருந்தார். 1639-இல் அப்பா அங்கேயே இறந்தார். திரும்பி வந்து இங்கே பட்டறை நடத்தினார், பெண்ணுக்கு வரன் பார்த்தார், கடன்பட்டார், வரைந்துகொண்டே இருந்தார். சிசிலியின் மெசினாவில் தோன் அன்தோனியோ ருஃபோ என்ற செல்வர் படங்கள் சேகரித்துவந்தார். பின்னாளில் ரெம்பிராண்டிடமே படம் வரவழைத்தவர். 1649-இல் அவருக்கு ஆர்ட்டெமீசியா எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். காப்போதிமோந்தே தோட்டத்தில் உட்கார்ந்து சித்திக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

ஒரு பெண்ணின் பெயர் சந்தேகத்தைத்தான் எழுப்புகிறது, வேலையைக் கண்ணால் பார்க்கும்வரை என்கிறார் ஒன்றில். ஒரு பெண்ணால் என்ன முடியும் என்று உங்களுக்குக் காட்டுகிறேன் என்கிறார் இன்னொன்றில். என் விலை ஓர் உருவத்துக்கு நூறு ஸ்கூடி, ஃப்ளோரன்ஸிலும் வெனிஸிலும் ரோமிலும் நேப்பிள்ஸிலும் அதைத்தான் வாங்கினேன் என்று கணக்குச் சொல்கிறார். பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கக் கேட்டபோது மனம் நொந்து எழுதுகிறார். இந்தப் பெண்ணின் ஆன்மாவில் சீசரின் துணிவைக் காண்பீர்கள் என்கிறார். 56 வயது அப்போது.

1612-இல் நீதிமன்றம் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: நீ சொல்வது உண்மையா? அதற்கு அவர் விரல்களைக் கொடுத்தார். அடுத்த நாற்பது ஆண்டும் உலகம் அவரிடம் வேறு கேள்வி கேட்டது: உன் வேலைக்கு இந்த விலையா? முதல் வழக்குக்கு ஒரு தீர்ப்பாவது இருந்தது. இரண்டாவதற்கு நீதிமன்றமே கிடையாது. அவர் தனியாக, கடிதம் கடிதமாக வாதாடினார். 2018-இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் அவர் தன்னையே புனித கேத்தரினாக வரைந்த ஒரு படத்தை 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ந்தேன். இன்று இந்தக் கடிதங்களோடு சேர்த்து நினைத்தபோது கோபம்தான் வந்தது.

ஞாயிறு, பொஸ்ஸுவோலி

மோந்தெசாந்தோவிலிருந்து கூமானா ரயில். கந்தக வாடை அடிக்கும் ஊர். நிலம் மெல்ல எழுவதும் தாழ்வதுமாக இருக்கிறது. நில அதிர்வுக்குப் பயந்து ரியோனே தெர்ரா என்ற பழைய குன்றுப் பகுதியை 1970-இல் மொத்தமாகக் காலி செய்தார்கள். அதன் உச்சியில் தேவாலயம். 1964-இல் தீப்பிடித்து எரிந்தபோது சுவர்களுக்குள்ளிருந்து ரோமானியக் கோவிலின் பளிங்குத் தூண்கள் வெளிப்பட்டன. 2014-இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆர்ட்டெமீசியாவின் மூன்று படங்களும் அவற்றின் சொந்த இடத்துக்குத் திரும்பின. 1630களின் நடுவில், லான்ஃப்ராங்கோ போன்ற பெரிய ஆண் ஓவியர்களோடு சமமாக நின்று வரைந்தவை அவை.

புனித ஜெனாரோவை விலங்குகளுக்கு இரையாகப் போடும் படத்தின் முன் நின்றோம். விலங்குகள் அவரைத் தொடாமல் காலடியில் அடங்கிக் கிடக்கின்றன. வாளும் இல்லை, யூதித்தும் இல்லை. இந்தப் படத்தைப் பார்க்க நாங்கள் இருவர்தான் இருந்தோம். உஃபிட்ஸியில் எட்டிப் பார்க்கக்கூட இடமில்லை. ஆர்ட்டெமீசியாவின் துயரத்தைப் பார்க்க வருகிற கூட்டத்தில் கொஞ்சம் அவரது தொழிலையும் பார்க்க வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அவரது கல்லறையைத் தேட வழியில்லை. நேப்பிள்ஸில் அவரைப் புதைத்ததாகச் சொல்லப்படும் சான் ஜோவானி தேய் ஃபியொரென்தீனி தேவாலயம் உலகப் போருக்குப் பிறகு இடிக்கப்பட்டது.

கடல் பார்த்த ஒரு கடையில் மீன் சாப்பிட்டுக்கொண்டே, நான் எழுத நினைக்கும் காட்சியைச் சித்தியிடம் சொன்னேன். ஊருக்குப் போனதும் எங்கள் நாடகக் குழுவோடு உட்கார வேண்டும். 1612-இல் தொடங்கக் கூடாது. 1649, நவம்பர். மேஜை, கடிதம், 56 வயதுப் பெண். ருஃபோ படத்துக்கு முன்கூட்டியே வரைவு கேட்கிறார். இவர் அனுப்ப மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்பதும் கடிதத்தில் இருக்கிறது. ஒரு பிஷப்புக்கு வரைவு கொடுத்தாராம். அவர் அதை வாங்கிவைத்துக்கொண்டு, பணம் குறையும் என்று வேறு ஓவியரிடம் கொடுத்துப் படமாக்கிக்கொண்டார். நான் ஆணாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று எழுதுகிறார். லத்தீன் குரலுக்கு இந்தக் காட்சியில் வேலை இல்லை.

"அந்த வேஷம் யாருக்கு?" என்றார் சித்தி.

"நீங்கதான் சித்தி."

கொஞ்ச நேரம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி. ஆனா நூறு ஸ்கூடிங்கிறத மட்டும் சத்தமாச் சொல்லுவேன். அத முணுமுணுக்கச் சொல்லாத."